கடைசியில ஒரு 'டி'

"அண்ணை, இந்தப் பொதி அன்லைசென்ஸ்தானே? எடுக்கலாமோ?"

கொக்குவில் அலுவலகத்தில, பின்னேர பிளேன்ரீயோட, பொடியன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். என்பிஎம் பக்கம்; ஜாவாஸ்கிரிப்ட்காரர் தங்கட நிரல் பொதியளை மற்றவைக்குப் போட்டுவைக்கிற இடம். வலப்பக்கம் லைசென்ஸ் எண்டதுக்குக் கீழ ஒரே ஒரு சொல்.

கிட்டப் போய்ப் பாத்தன். கடைசியில ஒரு 'டி' கிடந்தது.

'அன்லைசென்ஸ்' எண்டால் எழுதினவர் உரிமையை விட்டுக்குடுத்திட்டார், ஆரும் எடுக்கலாம். 'அன்லைசென்ஸ்ட்' எண்டால் என்பிஎம்மில நேர்மாறு. ஒருத்தருக்கும் அனுமதி இல்லை!

இதாவது பரவாயில்லை, எழுதியாவது கிடக்கு. பைதான் மொழிப் பொதியளில கனகாலமா லைசென்ஸ் வெறும் 'பிஎஸ்டி' எண்டு போட்டிட்டுப் போயிடுவினம். அதில கனவகை கிடக்கு. இரண்டு நிபந்தனையோ, மூண்டோ? லைசென்ஸ் கோப்பைத் திறந்தால்தான் விளங்கும். 2024இல பெப் 639 எண்ட பைதான் விதிமுறை ஏற்கப்பட்டாப் பிறகுதான், எந்த லைசென்ஸ் எண்டு திட்டமாச் சொல்லுற எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டையே எழுதுங்கோ எண்டு வந்தது. ரஸ்ட் மொழிக்காரர் கெட்டிக்காரர். லைசென்ஸ் குறிப்பிடாட்டி கிரேட்ஸ் எண்ட அவையின்ர களஞ்சியத்தில பொதியை ஏத்தவே ஏலாது.

திருநெல்வேலிச் சந்தையில கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ எண்டு கேக்காமல் நாங்கள் ஒரு மாம்பழம் வாங்கினதுண்டோ? அடுத்தவன்ர உழைப்பை மட்டும் பேர் கேளாமல் பையுக்க போடுறம்.

பொடியன் ஒண்டும் கதைக்கேல்லை. அந்தப் பொதியைக் கழட்டிப்போட்டு மற்றதுகளின்ர லைசென்ஸையும் ஒவ்வொண்டாத் திறந்து பாக்கத் தொடங்கினான்.

நாற்பத்தொரு பொதி. ரீ ஆறிப்போச்சு.