கோயில்குட்டிக்கும் ஒரு லீவு நாள்

தென்மாவட்டத்துக் கிறிஸ்தவச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஒன்றில் சம்பளத்துக்கு ஐந்தாறு பேராவது இருப்பார்கள்: உபதேசியார் (போதகருக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவர்), கோயில்குட்டி (கோயிலைத் திறந்து பெருக்கி மணி அடிப்பவர்), ஆபீஸ் எழுத்தர், பைபிள் உமன் (வீடுகளுக்குப் போய் வேதம் சொல்லும் பெண் ஊழியர்), டிரைவர், வாட்ச்மேன். இவர்கள் எல்லாருடைய வேலைக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஊழியம். நல்ல பெயர்தான். ஆனால் வேலை நேரம், லீவு, சம்பளத் தேதி எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளே காணாமல் போய்விடுகின்றன. வாய் திறந்து கேட்டால், "கர்த்தருக்குச் செய்கிறதுக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று அடைத்துவிடுகிறோம்.

கோயில்குட்டியின் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். விடியுமுன் கதவைத் திறந்து, பெருக்கி, முதல் மணி அடித்து, திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் எடுத்து வைத்து, ஆராதனை முடிந்ததும் பாத்திரம் கழுவி, ஓய்வுநாள் பள்ளிக்குப் பெஞ்சு போட்டு, மாலை ஆராதனைக்குப் பிறகு பூட்டும்போது இருட்டியிருக்கும். இதற்கு நடுவில் ஐயர், அதாவது போதகர், ஒரு வேலை சொல்வார், செயலர் வேறொன்று சொல்வார், ஐயரம்மா மீன் வாங்கிவரச் சொல்வார். ஒருவர் சொன்னதைச் செய்யப் போனால் மற்றவருக்குக் கோபம். சேகரங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். என்னென்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வார லீவு எது, சம்பளம் எந்தத் தேதி, வேலை சொல்கிறவர் யார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வேலை சொல்கிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் மூலமாகச் சொல்லட்டும். ஐயர் குடியிருக்கும் குருமனையின் வீட்டு வேலை அந்தத் தாளில் வரவே கூடாது. திங்கட்கிழமை லீவன்று அடக்க ஆராதனை வந்துவிட்டால் அதே வாரத்தில் மாற்று நாள் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். டிசம்பரில் கேரல், 25 அதிகாலை ஆராதனை, 31 நள்ளிரவு ஆராதனை என்று லீவுகள் சேர்ந்துவிடும்; ஜனவரியில் யாருக்கு எந்த நாள் என்பதை நவம்பரிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சம்பளம் தள்ளிப்போவதற்குப் பணமில்லாதது மட்டுமே காரணம் அல்ல. பல நேரம் செக்கில் கையெழுத்துப் போடுகிற பொருளாளர் ஊரில் இல்லை, அவ்வளவுதான். மூன்று பேருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்து, எந்த இருவர் போட்டாலும் செல்லும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. நாமோ உபதேசியாரைப் பொருளாளர் வீட்டு வாசலில் நிற்க வைக்கிறோம்.

மைக் கூவினால் பிரசங்க பீடத்திலிருந்தே ஆபரேட்டரைத் திட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைப் பிடித்திருப்போம், அல்லது சத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றியிருப்போம். சனிக்கிழமை மாலை ஒருவரைப் பீடத்தில் நிற்க வைத்துச் சரிபார்த்தால் போதும். தவறு அவருடையதாகவே இருந்தாலும் மறுநாள் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வயதில் மூத்த கோயில்குட்டியை "வா, போ" என்பதும், ஆபீஸில் எல்லாருக்கும் சில்வர் டம்ளர், அவருக்கு மட்டும் பேப்பர் கப் என்பதும் எதனால் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கத்தை ஐயரே முதலில் உடைக்க வேண்டும்.

பெண்களின் பாதுகாப்பில் மத்தேயு 18:15ஐத் தவறாகப் பயன்படுத்துகிறோம். 'முதலில் அவரிடம் தனியாகப் பேசு' என்று, பாலியல் தொல்லை கொடுத்தவரிடமே பைபிள் உமனை அனுப்புவது கொடுமை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் புகார் போகும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிப்பு உண்டு. சம்பளமில்லாமல் உதவுகிறவர்களையும் அந்தச் சட்டம் பணியாளராகவே கருதுகிறது. உங்கள் இடத்துக்குப் பொருந்துகிற குழுவின் போன் நம்பரை ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள்.

ஐயர்மார் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார்கள். கோயில்குட்டி அங்கேயேதான் இருப்பார். அதனால் புது ஐயர் வந்த முதல் வாரமே, பணியாளர்களையும் உட்காரவைத்து, அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்து வாங்கிவிடுவது செயலரின் வேலை.