அவுகளும் எந்திரிப்பாகளான்னு அந்த அக்கா கேட்டுச்சு

நான் சொன்னது சரிதான்னு ஒரு நாள் தோணுது, மறுநாளே அந்த எடத்துல அப்படிச் சொல்லியிருக்கணுமான்னு தோணுது, 2025 ஈஸ்டர்லேருந்து இதே ஓட்டம்தான், அதான் எழுதிப் பாக்குறேன்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 20. 15ஆம் தேதியே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிட்டதால விசைப்படகெல்லாம் கட்டிக் கெடந்துச்சு, எங்க நண்டு கம்பெனிக்கு நாட்டுப்படகு சரக்கு மட்டும்தான். மறுநாள் திங்கக்கிழமை மத்தியானம் போப் பிரான்சிஸ் இறந்துட்டாருன்னு போன்ல சேதி வந்துச்சு. நான் சத்தமா சொன்னதும் ரெண்டு மூணு பேரு சிலுவை போட்டுக்கிட்டாங்க. அவிச்ச நண்டை ஒடைச்சு சதை எடுத்துக்கிட்டு இருந்த ஒரு அக்கா மட்டும் கத்தியை நிறுத்தாமலே கேட்டுச்சு, "நேத்துத்தான தம்பி சாமி எந்திரிச்சிருச்சுன்னு கோயிலுக்குப் போனிய, இன்னைக்கு ஒங்க பெரிய சாமியாரு செத்துட்டாகங்கிறிய. அவுகளும் எந்திரிப்பாகளா?"

கேலியே இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட கேள்வி. நான் "எந்திரிப்பாருக்கா, கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிப்பாங்க"ன்னேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுமா?"

"அவரும்தான்க்கா."

"அப்ப அவுக செத்துட்டாகன்னு சொல்றிய."

அதுக்கு மேல அக்கா பேசல. ஒரு நண்டுக்காலை ரெண்டா ஒடிச்சு, உள்ள இருந்த சதையை முழுசா உருவி தட்டுல வச்சுட்டு அடுத்ததை எடுத்துருச்சு. நானும் எடை போடப் போயிட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் கடலுக்குப் போன வல்லம் கவுந்து, படகுல இருந்த மத்தவங்க நீந்தி வந்துட்டாங்க, அவர் மட்டும் வரல, உடம்பும் ஒதுங்கல. நம்ம கரையில இப்படி இருக்குற வீடுகள உங்களுக்கே தெரியும். பொட்டும் தாலியும் அப்படியே இருக்கும், அந்தம்மா முன்னாடி யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க, ஆளு சேதியே இல்லன்னா இறந்துட்டதா எடுத்துக்கச் சட்டமே 7 வருஷம் காத்திருக்குது. அத்தனை பேரும் வாய்க்குள்ள வச்சிருந்ததை நான் ஈஸ்டர் பேரைச் சொல்லி வெளிய எடுத்து வச்சிட்டேனே.

ஆனா வேற என்ன சொல்றது? "வந்துருவாருக்கா, நம்பிக்கையா இருங்க"ன்னு சொல்ல ஊருல ஆளு நெறைய உண்டு. நாங்க கொண்டாடுறது செத்தவரோட ஆவி எங்கயோ நல்லா இருக்குங்கிறதை இல்ல. வெள்ளிக்கிழமை நெசமாவே செத்தாரு, கல்லறையில வச்சு மூடுனாங்க, ஞாயித்துக்கிழமை அந்த உடம்பே எந்திரிச்சு வந்து, கையில காலுல காயத்தைக் காட்டி, சீடர்கள் குடுத்த பொரிச்ச மீனை அவங்க கண்ணு முன்னாடி சாப்பிட்டுச்சுன்னு லூக்கா எழுதியிருக்காரு. வெள்ளிக்கிழமையை விட்டுட்டு ஞாயித்துக்கிழமையை மட்டும் ஒருத்தர் கையில குடுக்க முடியாது. கிறிஸ்து எழும்பலன்னா நாங்க சொல்றதெல்லாம் வீண்தான்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதுனதும் இதுக்குத்தான். வாராவாரம் பூசையில உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்னு சொல்றேனே, உடம்பே கிடைக்காத ஒருத்தரோட பொண்டாட்டி அதைப் பத்திக் கேட்டா நான் முழுங்கணுமா?

இதை எழுதுறப்ப தெம்பா இருக்கு. ராத்திரி படுத்தா இருக்க மாட்டேங்குது. ஏன்னா அக்கா முதல்ல கேட்டது போப்பைப் பத்தி, ரெண்டாவது கேள்வி வேற எடத்துலேருந்து வந்த கேள்வி, நான் ரெண்டுக்கும் ஒரே மூச்சுல பதில் சொன்னேன். இன்னொண்ணு, எத்தனை கிலோ சதைன்னு பாத்து கூலி எழுதுற நோட்டு என்கிட்டதான் இருக்கு. கூலி எழுதுறவன் தன் சாமியைப் பத்திப் பேசுனா கேக்குறவங்க எதுத்துப் பேசுவாங்களா, இல்ல தலையாட்டிட்டுப் போவாங்களா? கேட்டது அக்காதான், நானா ஆரம்பிக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், அதுவும் உண்மைதான், ஆனாலும் நோட்டு நோட்டுதான். இந்தக் கரைக்கு இந்தச் செய்தியைக் கொண்டு வந்தவங்க, 1549ல வேதாளையில செத்த கிரிமினாலி சாமியாரு, 1693ல ஓரியூர்ல தலை வெட்டுப்பட்ட அருளானந்தர், அவங்க உசுரையே வச்சுச் சொன்னாங்க. எனக்கு அப்படி எந்த நட்டமும் இல்ல. சொன்னதுக்கு வெலை குடுத்தது அந்த அக்காதான்.

கூட வேலை பாக்குற ஒருத்தர், அவர் பெந்தெகொஸ்தே சபை, "நல்ல சந்தர்ப்பம், அங்கயே ஜெபம் பண்ணியிருக்கணும் பிரதர்"னாரு. எங்கம்மா, தெனம் ஜெபமாலை சொல்றவங்க, "அவகிட்டப் போயி அதச் சொல்லுவியாடா"ன்னு திட்டுனாங்க. ரெண்டு பேரும் என்னை விட பக்தியான ஆளுங்க. மார்க் நற்செய்தியில காலிக் கல்லறையைப் பாத்த பொம்பளைங்க பயத்துல யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஓடுனாங்கன்னு வரும், முன்னாடியெல்லாம் அது எனக்குக் கொறையாத் தெரியும், இப்ப அவங்க பயந்ததுல ஒரு நியாயம் இருக்குன்னு படுது. ஆனா அவங்க கடைசி வரைக்கும் சொல்லாமலே இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

அன்னைக்கு வாயில வராத ஒண்ணு பின்னாடிதான் வந்துச்சு, திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்துல, கடல் தன்கிட்ட இருந்த இறந்தவங்களத் திருப்பிக் குடுத்துச்சுன்னு வர்ற எடம். ரொம்ப நாள் கழிச்சு, மழைக்காலத்துல, சரக்கு வராம ஒக்காந்திருந்த ஒரு நாளு அக்காவே ஆரம்பிச்சுச்சு, "தம்பி, அன்னைக்குச் சொன்னியல்ல, அதுல எங்கள மாதிரி வேற சாமி கும்புடுறவுகளும் உண்டா?" எல்லாரும் உண்டுக்கான்னேன். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. அப்புறம் கடலைப் பத்தி எழுதியிருக்குறதச் சொன்னேன். அக்கா, "அப்புடியா எழுதியிருக்கு? படிச்சுக் காட்டுங்க"ன்னுச்சு.

கம்பெனியில வேணாம்க்கா, எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். சரின்னுச்சு. இன்னும் போகல.