கல்லறைச் சுவரை ஒட்டி ஒரு பப்

மாமனாரை பப்புக்குக் கூட்டிக்கொண்டு போன மருமகள் என்று விருதுநகர்ப் பக்கம் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பரப்பியது வேறு யாருமில்லை, மாமாவேதான். அதுவும் பெருமையோடு. கேட்பவர்கள் ஆளுக்கொரு கற்பனை செய்துகொள்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், ஃபிப்ஸ்பரோ பக்கம். ஒரு ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. மாமா வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வேலை, எனக்கு விடுப்பு. நடந்துபோகும் தூரத்தில் கிளாஸ்னெவின் தாவரவியல் பூங்கா இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. "வாங்க மாமா, மரம் செடி பாத்துட்டு வருவோம்" என்றுதான் கிளம்பினோம். பப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு டாஸ்மாக் வாசல்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

பூங்காவின் பழைய கண்ணாடி வீடுகளுக்குள் வாழையும் பனை வகைகளும் வளர்வதைப் பார்த்ததும் மாமாவுக்கு உற்சாகம். ஆனால் அவரை நிறுத்தியது உருளைக்கிழங்குக் கதைதான். 1845 ஆகஸ்டில் இந்தத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த டேவிட் மூர் இங்கேதான் உருளைக்கிழங்குச் செடிகளில் அழுகல் நோயைப் பார்த்துக் குறித்துவைத்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிவிட்டார்கள். 1841 கணக்கெடுப்பில் எண்பது லட்சத்துக்கு மேல் இருந்த இந்தத் தீவின் மக்கள்தொகை, வட அயர்லாந்தையும் அயர்லாந்துக் குடியரசையும் சேர்த்தாலும் இன்றுவரை அந்த அளவைத் தொடவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். அப்புறம் கேட்டார்: "வேற தானியமே விளையலையாம்மா?"

"விளைஞ்சது மாமா. கப்பல்ல வெளிநாட்டுக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப அது விளைச்சல் பிரச்சினை இல்ல, வழங்கல் பிரச்சினை" என்றார். முப்பது வருஷம் அரிசி மூட்டை எண்ணிய மனுஷன் வேறென்ன சொல்வார்.

பூங்காவை ஒட்டியே கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம். 1832-இல் திறந்தது. அதற்கு முன்பு கத்தோலிக்கர்கள் தங்கள் சடங்குப்படி செத்தவர்களைப் புதைக்கக்கூடச் சட்டத் தடைகள் இருந்த ஊர் இது. கத்தோலிக்கர் உரிமைக்காக நின்ற தலைவர் டேனியல் ஓ'கானெல் போராடி, எந்த மதத்தவரும் வந்து புதைக்கலாம் என்று இந்த இடத்தை உண்டாக்கினார். அவருடைய சவப்பெட்டியே இங்கே 55 மீட்டர் உயரக் கல் கோபுரத்தின் அடியில் இருக்கிறது. கல்லில் விட்டிருக்கும் துளை வழியாகக் கைவிட்டுப் பெட்டியைத் தொடலாம். தொட்டால் நல்லது நடக்கும் என்கிறார்கள். மாமா தொட்டார், விபூதி எங்கே என்பது போல என்னைப் பார்த்தார். இங்கே புதைந்திருப்பவர்கள் பதினைந்து லட்சம் பேருக்கு மேல். டப்ளின் நகரத்தில் உயிரோடு இருப்பவர்களை விட அதிகம். சுற்றுச்சுவரின் மூலைகளில் காவல் கோபுரங்கள் நிற்கின்றன. அந்தக் காலத்தில் மருத்துவப் பள்ளிகளுக்கு விற்பதற்காகப் பிணத்தைத் தோண்டித் திருடுவார்கள், அதற்குக் காவல்.

இந்தச் சுவரை ஒட்டித்தான், பழைய வாசலுக்குப் பக்கத்திலேயே, பிராஸ்பெக்ட் ஸ்கொயர் என்ற சின்னச் சதுக்கத்தில் ஜான் கவானா பப் இருக்கிறது. கல்லறை திறந்த மறுவருஷம், 1833-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஊரார் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'கிரேவ்டிக்கர்ஸ்' என்றுதான் சொல்வார்கள். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியால் சுவரைத் தட்டினால் பப்பிலிருந்து ஒரு பைண்ட், அதாவது ஒரு பெரிய தம்ளர் பீர், வெளியே வரும் என்று ஒரு கதை உண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம். கல்லறையின் முதன்மை வாசலைப் பிறகு ஃபிங்லஸ் சாலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதனால் சதுக்கம் ஓய்ந்துபோனது. பப் மாறாமல் தப்பித்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம். ஜன சந்தடி இருந்திருந்தால் யாராவது வந்து அழகுபடுத்தித் தொலைத்திருப்பார்கள்.

உள்ளே போனால் அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தேய்ந்த மரத் தரை, புகையும் காலமும் ஏறிக் கறுத்த மரச் சுவர், நாலு மேசை, பெஞ்சு. டிவி இல்லை. பாட்டு இல்லை. யாராவது குரலெடுத்துப் பாடினாலும் வேண்டாம் என்பார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த நாட்களில் நான் பார்த்த ஐரிஷ் பப்பில் சுவர் முழுக்கப் பழைய சைக்கிள், பச்சைக் கொடி, தகர விளம்பரப் பலகை என்று கண்ணை வைக்க இடமிருக்காது. டப்ளினில் 1990 வாக்கில் தொடங்கிய ஐரிஷ் பப் கம்பெனி என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. கிராமத்து மாதிரி, விக்டோரியா காலத்து மாதிரி என்று வகை வகையாக வடிவமைத்து, மரச் சாமான்களைக் கன்டெய்னரில் ஏற்றி உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் நகலைப் பார்த்துவிட்டு அசலுக்கு வந்தால் அசல் ஏழையாகத் தெரியும், அவ்வளவுதான்.

மாமா வாசலில் ஒரு கணம் தயங்கினார். "இது..." என்று இழுத்தார். "சாப்பாட்டுக் கடைதான் மாமா, பசிக்குதுல்ல" என்று உள்ளே கூட்டிப்போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது. இரண்டு பாட்டிகள் கோட்டைக் கழற்றாமலே சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மாமா நிதானமாகிவிட்டார். பப்பில் தேநீர் கேட்டால் இந்த ஊரில் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. ஐரிஷ்காரர்கள் தேநீர் குடிப்பதில் உலகத்தில் முன்வரிசை, அதுவும் நம்மைப் போலவே பால் விட்டு, திக்காக. மாமாவுக்கு ஒரு கெண்டி தேநீர் வந்தது. ஒரு மிடறு குடித்ததும், "இவ்வளவு நாளா இவங்க டீ போடத் தெரியாதவங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் கின்னஸ் சொன்னேன், இந்த ஊர்க் கறுப்பு பீர், அரை பைண்ட். மாமா ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சரி, இதை இன்றைக்கே தாண்டிவிடுவோம் என்று நானும் கவுண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கின்னஸ் ஊற்றுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசி நிரப்பிவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். காசு கொடுத்தவர் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரே கலவரமாக இருக்கும். மெல்ல அடியிலிருந்து கறுப்பாகத் தெளிந்து, மேலே வெண்ணெய் நிறத்தில் ஒரு விரல் நுரை திரண்டு நின்றபிறகு மீதியை ஊற்றித் தருவார்கள். ஜன்னலை விட்டு எப்போது திரும்பினாரோ தெரியவில்லை, மாமா கேட்டார்: "குமிழி எல்லாம் கீழ போகுதே, எப்படிம்மா?"

எனக்குப் பிடித்த கேள்வி. கின்னஸில் ஏற்றுவது பெரும்பாலும் நைட்ரஜன். அதன் குமிழிகள் சோடாக் குமிழியைவிட ரொம்பப் பொடி. தம்ளரின் நடுவில் குமிழிகள் கூட்டமாக மேலே ஏறும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மேலே போன திரவம் எங்காவது இறங்கியாக வேண்டுமே, சுவரோரமாக இறங்குகிறது. ஓரத்தில் இருக்கும் பொடிக் குமிழிகளுக்கு அதை எதிர்த்து ஏறும் வலு இல்லை, கூடவே இறங்கிவிடுகின்றன. நாம் வெளியிலிருந்து பார்ப்பது அந்த ஓரத்தை மட்டும்தான். மாமா தலையைச் சாய்த்துத் தம்ளரின் அடியிலிருந்து மேலே வரை பார்த்தார். பாடம் முடிந்தபோது மருமகள் கையில் இருப்பது என்ன என்ற விவகாரமும் முடிந்திருந்தது.

சாப்பிட நான் காடில் வாங்கினேன். டப்ளினின் சொந்தச் சாப்பாடு இது. பன்றித் தொத்திறைச்சி, உப்புப் பன்றி இறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, கொஞ்சம் பார்ஸ்லி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிட வேண்டும். எதையும் வதக்கக் கூடாது, சிவக்க விடக் கூடாது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர் இறைச்சி தொடாத காலத்தில் வியாழன் இரவே மிச்சம் மீதியைத் தீர்க்கும் வழியாக இருந்தது. பார்க்க அழகில்லை என்பதை டப்ளின்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். வெளிறிய சாற்றில் வெளிறிய தொத்திறைச்சி மிதக்கும். மாமா எட்டிப் பார்த்து, "தாளிக்கவே இல்லையே?" என்றார், யாரோ மறந்துவிட்டார்கள் என்ற தொனியில்.

ஆனால் ருசி வேறு கதை. உப்பு முழுக்க இறைச்சியிலிருந்து சாற்றில் இறங்கி, உருளைக்கிழங்கு ஓரம் கரைந்து சாறு கொழகொழவென்று கெட்டியாகி, வெங்காயம் இருக்கிற இடமே தெரியாமல் இனிப்பாகியிருக்கும். சோடா ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குக் கடுகு, மிளகாய் என்று கை பரபரக்கும். வேண்டாம், மிளகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேரட் போடலாமா, பார்லி போடலாமா என்று கேட்டால் டப்ளினில் சண்டையே வரும், அந்த வம்புக்கு நான் வரவில்லை. மாமா பன்றியும் மாடும் தொடமாட்டார். அவருக்குக் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும். ரொட்டியை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார், எண்பதை ஒட்டிய வயது. டேட்டோ சிப்ஸ் பாக்கெட்டை நெடுகக் கிழித்துத் தட்டுப்போல விரித்து மேசை நடுவில் வைத்தார். இந்த ஊரில் அப்படித் திறந்து வைத்தால் எல்லாருக்கும் என்று அர்த்தம். எங்கள் பக்கம் தள்ளினார். வானிலையில் ஆரம்பித்து, எந்த ஊர் என்பதற்கு வந்து, இங்கே யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது கல்லறையில் யாரை என்று. அவருடைய அண்ணன் உள்ளே இருக்கிறாராம். அந்தப் பக்கம் போய்விட்டு இந்தப் பக்கம் வருவது அவர் வழக்கம்.

அதிலிருந்து பேச்சு சாவுக்குப் போனது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் யார் இறந்தார்கள் என்று பார்ப்பதற்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. பெரியவர்கள் காலையில் எழுந்ததும் அதைத்தான் திறப்பார்கள். செத்தவரை நேரில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் மகனோடு ஒன்றாக வேலை பார்த்திருந்தால் போதும், போய் வரிசையில் நின்று குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் குலுக்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். அடக்கம் முடிந்ததும் வந்தவர்களுக்குச் சூடாக சூப்பும் சாண்ட்விச்சும், பெரும்பாலும் ஒரு பப்பிலோ ஹோட்டலிலோ. மழையில் குழிமேட்டில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு வேறென்ன கொடுப்பது?

மாமா எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிரணும்." நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் மேசையில் தட்டினார், அவர் அம்மாவும் அதையேதான் சொல்வாராம். கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும், சாவுக்குக் கூப்பிட வேண்டியதில்லை என்பதும் இரண்டு ஊருக்கும் பொது. எங்கள் ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம் என்று மாமா சொன்னதும், போட்டோவோடா என்று பெரியவர் கேட்டார். போட்டோவோடு, கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் அதோடு என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டிவி ஓடியிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. மூன்று பேரும் ஏதோ ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பெரியவர் எழுந்துபோய் மாமாவுக்கு இன்னொரு தேநீரும் தனக்கு ஒரு பைண்டும் வாங்கிவந்தார். இங்கே அது ரவுண்ட் முறை. ஒருவர் எல்லாருக்கும் வாங்கினால் அடுத்தது நம் முறை, நழுவினால் பெயர் கெட்டுவிடும். பில்லைப் பிடுங்கிக்கொண்டு நான் நீ என்று மல்லுக்கட்டும் நம் வழக்கத்தில் வளர்ந்த மாமாவுக்கு இந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் முறை வந்ததும் யூரோ நோட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு தானே கவுண்டருக்குப் போனார். "டீ, டூ. கின்னஸ், ஒன்" என்று அவர் சொன்னது என் மேசை வரை கேட்டது. ஆயுளில் அவர் வாங்கிய முதல் மது அதுவாகத்தான் இருக்கும், அதுவும் இன்னொருவருக்காக.

போக நினைப்பவர்கள் வாரநாள் மதியம் போங்கள். வெள்ளி மாலை நிற்கவே இடமிருக்காது, வெளியே சதுக்கத்துப் புல்லிலும் தம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், பெற்றோர் கூட இருந்தால் இரவு ஒன்பது மணி வரை சட்டம் அனுமதிக்கிறது, மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. பூங்காவையும் கல்லறையையும் முதலில் நடந்து முடித்துவிட்டு, நல்ல பசியோடு போவது நல்லது. காடில் கொஞ்சமாகச் சாப்பிடும் சாப்பாடு இல்லை.