கடிக்காத கை

பள்ளி திறப்பதற்கு முன்பு பிள்ளைகளுக்கு உடுப்பு தைக்க உட்கார்ந்தால் நான் அதிக நேரம் செலவழிப்பது காலரிலோ பாக்கெட்டிலோ இல்லை, கையில்தான். காலையில் போட்ட உடுப்போடு ஒரு பிள்ளை சாயங்காலம் வரை இருக்க வேண்டும். அதற்குள் எத்தனை முறை கையைத் தூக்குகிறாள், பையை மாட்டிக் கழற்றுகிறாள், டெஸ்க்கில் முழங்கையை ஊன்றி எழுதுகிறாள், குழாயடியில் கையை மேலே தள்ளிவிட்டுக் கழுவுகிறாள்! உடுப்பில் வேறெந்தப் பகுதிக்கும் இவ்வளவு வேலை கிடையாது.

எங்கள் சின்னவளுக்கு இறுக்கம் ஆகாது. இடுப்பில் இறுகினால்கூடப் பொறுத்துக்கொள்வாள், கையில் இறுகினால் தாங்க மாட்டாள். "அம்மா, கை கடிக்குது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த உடுப்பு அவ்வளவுதான், மறுபடி அவள் உடம்பில் ஏறாது. கடையில் வாங்கிய பஃப் கை சட்டைகளைக் கழற்றும்போதெல்லாம் அவள் மேற்கையைச் சுற்றி எலாஸ்டிக்கின் வரிவரியான தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான், எலாஸ்டிக் கை என்றால் அதை நானே தைப்பது என்று முடிவு செய்தேன்.

இத்தனை காலம் தைத்ததில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இது: குட்டைக் கையில் எலாஸ்டிக்கின் வேலை துணியைச் சுருக்குவது மட்டும்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை இல்லை. சட்டைக் கை கீழே நழுவிவிடாமல் தோள் தையல் பார்த்துக்கொள்ளும். அப்படியிருக்க எலாஸ்டிக் எதற்காக இறுக வேண்டும்? பலர் வெறும் கையின் சுற்றளவை எடுத்து, அதிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்து எலாஸ்டிக் வெட்டுகிறார்கள். பாவாடை இடுப்புக்கு அந்தக் கணக்கு சரி, ஏனென்றால் அங்கே பிடிமானம் இல்லாவிட்டால் பாவாடை இறங்கிவிடும். அதே கணக்கைக் கைக்கும் போடுவதால்தான் எல்லாக் கையும் கடிக்கிறது.

அளவெடுக்கும்போது பிள்ளையை நேராக நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொன்னால் கிடைப்பது ஒரு அளவு. முழங்கையை மடக்கி, விரல்களை இறுக்கி மூடச் சொன்னால் கிடைப்பது வேறு அளவு. சின்னவளுக்கு மேற்கையின் நடுவில் தொங்கவிட்ட நிலையில் 17.5 சென்டிமீட்டர், மடக்கினால் 19. நான் எடுத்துக்கொள்வது எப்போதும் மடக்கிய அளவைத்தான். அதனோடு தாராளத்துக்கு 1 சென்டிமீட்டர், முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க 1.5 சென்டிமீட்டர். ஆக 21.5 சென்டிமீட்டர் வெட்டினால், தைத்து முடித்த வளையம் 20 வரும். அவள் கை எந்த நிலையில் இருந்தாலும் எலாஸ்டிக் இழுபடாமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

முழுக்கைக்குக் கணக்கே வேறு. பெரியவனுக்கு வகுப்பில் குளிரும், அதனால் அவனுக்கு முழுக்கைதான். மணிக்கட்டை அளந்து எலாஸ்டிக் போட்டால் மணிக்கட்டில் கச்சிதமாக இருக்கும். ஆனால் எந்தப் பையன் கையை மணிக்கட்டிலேயே வைத்துக்கொள்கிறான்? வர்ணம் தீட்டும்போது, கை கழுவும்போது, விளையாடும்போதெல்லாம் முழங்கைக்குக் கீழே சதை தடித்திருக்கும் இடம் வரைக்கும் தள்ளிவிடுகிறான். மணிக்கட்டைவிட அந்த இடம் ஐந்து ஆறு சென்டிமீட்டர் பெருத்திருக்கும். மணிக்கட்டுக்கென்று அளந்த எலாஸ்டிக் அங்கே போய் உட்கார்ந்தால் நரம்பைக் கட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் மணிக்கட்டு, முன்கை இரண்டையும் அளந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் வைக்கிறேன். மணிக்கட்டில் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். அது கண்ணுக்குத்தான் குறை, பிள்ளைக்குக் குறையே இல்லை.

எலாஸ்டிக் வாங்கும்போது ரோலைக் கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது அகலம் குறைந்து ஒல்லியானால் அது ஜடைபோல் பின்னிய பின்னல் எலாஸ்டிக் (பிரெய்டட்). ஊசி ஏறினால் அதன் இழுவிசை குறையும், அதனால் மடிப்புக்குள் கோர்ப்பதற்குத்தான் ஏற்றது. இழுத்தாலும் அகலம் மாறாமல், தொட்டால் மெத்தென்று இருந்தால் அது நிட்டெட் எலாஸ்டிக். குழந்தைகளின் கைக்கு என் முதல் தேர்வு இதுதான். நெய்த எலாஸ்டிக் என்று ஒன்று உண்டு, கெட்டியாக, குறுக்கே கோடு கோடாக இருக்கும். இடுப்புப் பட்டைக்கு அது அருமையான சரக்கு, பிஞ்சுக் கைக்கு வேண்டாம். அகலம் 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிசாக இருந்தால் மென்மையாக இருக்கும் என்று நினைத்து 3 மில்லிமீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. அதே இழுப்பு குறைந்த இடத்தில் விழுவதால் ஆழமாகப் பதியும். 8 மில்லிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

உடுப்பில் ரப்பர் பட்டை என்பதே அப்படியொன்றும் பழைய விஷயமில்லை. லண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் கையுறை, காலுறை, சஸ்பெண்டர் போன்றவற்றுக்கான ரப்பர் பட்டைக்குக் காப்புரிமை வாங்கியது 1820இல். இப்போது நாம் ஸ்பாண்டெக்ஸ் என்கிற, ரப்பர்போல் இழுபடும் இழையை டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது 1958இல். இரண்டுக்கும் பொதுவான எதிரிகள் அதிகச் சூடும் குளோரின் பிளீச்சும். பிள்ளைக்கு ரப்பர் ஒவ்வாமை இருந்தால் ரப்பர் இல்லாத, ஸ்பாண்டெக்ஸ் போட்டுச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். தையல் பெட்டியில் பல காலமாகக் கிடக்கும் எலாஸ்டிக்கையும் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே மொறுமொறு என்று சத்தம் கேட்டால் ரப்பர் செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி பாப்ளின், அல்லது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி. வெட்டுவதற்கு முன்பு கண்டிப்பாக நனைத்துக் காயப்போட வேண்டும். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். கையின் அடிச்சுற்று எலாஸ்டிக் வளையத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். சின்னவளின் 20 சென்டிமீட்டர் வளையத்துக்கு 30 சென்டிமீட்டர் துணி. மெல்லிய துணியானால் இரண்டு மடங்கு வரைக்கும் போகலாம். பள்ளிக்குப் போடும் கெட்டித் துணியில் அவ்வளவு சுருக்கம் வைத்தால் அக்குளில் மூட்டையாகச் சேர்ந்துவிடும்.

எலாஸ்டிக் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் ஆர்ம்ஹோல், அதாவது சட்டையில் கையை வைத்துத் தைக்கும் வளைவு, சரியில்லை என்றால் கை கடிக்கத்தான் செய்யும். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். பிள்ளைக்குத் தாராளமாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கி வெட்டுகிறார்கள். தொங்கப்போட்டுப் பார்த்தால் தாராளமாகத்தான் தெரியும். பிள்ளை கையைத் தூக்கியதும் சட்டை முழுவதும் அதோடு சேர்ந்து மேலே ஏறும், வயிறு தெரியும், எலாஸ்டிக் மேற்கையைப் பிடித்து இழுக்கும். அக்குளுக்கு அருகில், இரண்டு விரல் நுழையும் அளவு மட்டும் இடம் விட்டு வெட்டிய ஆர்ம்ஹோலில்தான் கை தனியாக அசையும், சட்டை தன் இடத்தில் நிற்கும். கூடவே சட்டைக் கையின் தலைப்பகுதியில், தோளோடு சேரும் வளைவையும் பாருங்கள். அந்த வளைவு உயரமாக இருந்தால் கையைத் தொங்கவிடும்போது அழகாக விழும், தூக்கும்போது தடுக்கும். வளைவைச் சற்றுத் தாழ்த்தி, கையின் அகலத்தைக் கூட்டினால் பிள்ளை தாராளமாகக் கையைத் தூக்குவாள். வகுப்பில் "நான் சொல்றேன் டீச்சர்" என்று கையை உயர்த்துகிற பிள்ளைக்கு இந்த அரை அங்குல மாற்றம் பெரிய விஷயம். தோள் பக்கத்துச் சுருக்கத்தை மேலே மட்டும் வையுங்கள். அக்குள் பக்கம் சுருக்கமே வரக் கூடாது, அங்கே துணி சேர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும்.

என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மிதி மிஷின். அதில் நான் தைக்கும் முறை இது. கையின் பக்கத் தையலை முதலில் மூடிவிடுவேன். அடி ஓரத்தை 5 மில்லிமீட்டர் உள்பக்கம் மடித்து அயர்ன் செய்து, 6 மில்லிமீட்டர் எலாஸ்டிக்கானால் மறுபடி 1 சென்டிமீட்டர் மடித்து, மடிப்பின் மேல்விளிம்பை ஒட்டித் தையல் போடுவேன். பக்கத் தையல் அருகே இரண்டு விரல்கடை இடம் தைக்காமல் விடுவேன். மடிப்பின் உள்ளகலம் எலாஸ்டிக்கைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலமானால் எலாஸ்டிக் உள்ளே புரண்டு முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய இடம் கயிறுபோல் உறுத்தும்.

எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளே விட்டு நகர்த்திக்கொண்டே போகலாம். மறுமுனையைத் துணியோடு சேர்த்து இன்னொரு ஊக்கால் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் பின்னாலேயே உள்ளே போய்விடும். வெளியே வந்த பிறகு முறுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று தட்டையாக வைத்து, சின்னச் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டால் போதும், ஜிக்ஜாக் இல்லாமலேயே உறுதியாக நிற்கும். முனைகளை முடிச்சுப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். பட்டாணி அளவு முடிச்சு நாள் முழுவதும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்.

இந்த ஒட்டுப்பகுதி எங்கே வந்து நிற்கிறது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. கையின் உள்பக்கத் தோல் மெல்லியது, உடம்போடு உரசும் இடமும் அதுதான். ஆகவே எலாஸ்டிக்கை மடிப்புக்குள்ளேயே நகர்த்தி, ஒட்டைக் கையின் வெளிப்பக்கம் கொண்டுவந்து, அங்கே துணியோடு சேர்த்து மேலிருந்து கீழாகக் குட்டியாக ஒரு தையல் போட்டுவிடுவேன். எலாஸ்டிக் இனி நகராது, முறுக்காது. பக்கத் தையலை மூடுவதற்கு முன்பே எலாஸ்டிக்கை வைத்து எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் தைத்துவிடுவதும் உண்டு, வேகமான முறைதான். ஆனால் எலாஸ்டிக், துணி, தையல் எல்லாம் சேர்ந்த தடிப்பு நேராக அக்குளின் கீழே வந்து நிற்கும். நான் அதைச் செய்வதில்லை.

பாபினில், அதாவது மிஷினில் அடிநூல் சுற்றும் சின்ன உருளையில், எலாஸ்டிக் நூல் சுற்றி வரிசை வரிசையாகத் தைப்பது இன்னொரு வழி. நூலை இழுக்காமல் கையால் தளர்வாகச் சுற்ற வேண்டும். மேலே சாதாரண நூல், தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். தைத்து முடித்து நீராவி காட்டினால் இன்னும் அழகாகச் சுருங்கிக்கொள்ளும். நான்கைந்து வரிசைகளில் அழுத்தம் பிரிந்துவிடுவதால் கைக்கு இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் தினமும் தோய்த்து உலர்த்தும் உடுப்பில் அந்த மெல்லிய நூல் சீக்கிரம் தளர்ந்துவிடும், மாற்றுவதும் சுலபமில்லை. விசேஷ உடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கை நுனியில் எலாஸ்டிக்குக்குக் கீழே ஃப்ரில் விடுவதும் அப்படித்தான். மையிலும் வர்ணத்திலும் தோய்ந்து வரும்.

பள்ளி வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் உயரம் கூடுகிறார்கள். கையும் கூடவே பருக்கும். அதனால் மடிப்பில் விட்ட அந்த இடைவெளியை மிஷினில் மூடாமல் கையால் தைக்கிறேன், பிரிப்பது சுலபம். எலாஸ்டிக் வெட்டும்போது கூடுதலாக 3 சென்டிமீட்டர் விட்டு, ஒட்டுக்கு அப்பால் மீதியைத் தட்டையாக உள்ளேயே படுக்கவைத்துவிடுவேன். நடுவில் இறுகுவதாகத் தெரிந்தால் சதுரத் தையலைப் பிரித்து, வளையத்தை நீட்டி, திரும்பத் தைத்தால் முடிந்தது.

தைத்து முடித்ததும் போட்டுப் பார்க்கச் சொல்வோமே, அது கண்ணாடி முன் ஒரு நிமிடம் நிற்பதாக இருக்கக் கூடாது. சின்னவளைப் பையை மாட்டச் சொல்வேன், இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன், குனிந்து ஷூ லேஸ் கட்டச் சொல்வேன், பிறகு உட்கார்ந்து எதையாவது வரையட்டும் என்று விட்டுவிடுவேன். அரை மணி நேரம் கழித்துக் கழற்றி மேற்கையைப் பார்ப்பேன். லேசாகத் துணியின் சுவடு இருந்தால் பரவாயில்லை. எலாஸ்டிக்கின் கோடு தெரிந்தால் அதைப் பிரித்து அரை சென்டிமீட்டர் கூட்டுவேன். அவள் சொல்வதையும் கேட்பேன், ஆனால் புது உடுப்பு ஆசையில் "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். தோல் அப்படிச் சொல்லாது.

தைக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்துகொள்ளலாம். டெய்லரிடம் கொடுக்கும்போது, கையை மடக்கி அளவெடுங்கள், எலாஸ்டிக் அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூட இருக்கட்டும், ஆர்ம்ஹோலை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரெடிமேட் உடுப்பானால் கை நுனியைத் திருப்பிப் பாருங்கள். எலாஸ்டிக் மடிப்புக்குள் ஓடுகிறதென்றால், பக்கத் தையல் அருகே மூன்று நான்கு தையலை மட்டும் பிரித்து, பழையதை வெட்டி அதன் முனையிலேயே புது எலாஸ்டிக்கைத் தைத்து இழுத்தால் பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போய்விடும். துணியோடு நேரடியாக வைத்துத் தைத்த எலாஸ்டிக் என்றால் மாற்றுவது பெரிய வேலை, அப்படிப்பட்ட உடுப்பை வாங்கும்போதே ஒரு அளவு பெரிதாகப் பார்த்து எடுத்துவிடுங்கள்.