நான்காவது குரோமோசோமில் ஓர் எண்

அம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர், கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பதற்காக ஒரு நாள் முழுக்கக் கத்தினார். விரல்கள் தாமாக அசையத் தொடங்கியது அதற்கு அப்புறம். அப்போது அவருக்கு வயது 41. மூளை நரம்புகளை மெல்லச் சிதைக்கும் பரம்பரை வியாதி அது. ஹண்டிங்டன் நோய் என்ற அதன் பெயர் எங்களுக்குத் தெரிவதற்கே இன்னும் மூன்று வருஷம் ஆனது. 56 வயதில் எங்களை விட்டுப் போனார்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. எனக்கு அந்தப் பாதி என்றைக்குமே பாதியாகத் தோன்றியதில்லை. அம்மாவின் முகம் எனக்கு, அம்மாவின் கோபமும் எனக்கு. அப்படியென்றால் இதுவும் எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். 41-ல் தொடங்கும், 56-ல் முடியும். கல்யாணப் பேச்சை இருமுறை தட்டிக்கழித்தேன். எந்தத் திட்டம் போட்டாலும் நாற்பதைத் தாண்டிப் போட்டதில்லை.

இந்த நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் மரபணுப் பரிசோதனை பற்றி அக்காவும் நானும் வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அவள் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தாள். அவள் தனி ஆள் இல்லை. பரிசோதனை இல்லாத காலத்தில், அப்படியொரு பரிசோதனை வந்தால் செய்துகொள்வோம் என்று சொன்னவர்கள் ஏராளம். 1993-ல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டு நேரடிப் பரிசோதனை வந்த பிறகு பல நாடுகளில் அதைச் செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. நான்சி வெக்ஸ்லர் என்ற விஞ்ஞானியின் அம்மாவுக்கும் இதே நோய். வெனிசுலாவில் இந்த நோய் அதிகமுள்ள மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் ரத்தம் சேகரித்து, அந்த மரபணுவைத் தேடும் பணியை நடத்தியவர்களில் முக்கியமானவர். ஆனால் தான் பரிசோதனை செய்துகொண்டாரா என்பதைப் பல ஆண்டுகள் அவர் வெளியே சொல்லவே இல்லை. தனக்கும் நோய் இருப்பதாக 2020-ல்தான் அறிவித்தார். இதைப் படித்த பிறகு அக்காவை வற்புறுத்துவதை விட்டுவிட்டேன்.

நான் போனது 38 வயதில். அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். எடுக்கவில்லை. மரபணு ஆலோசகர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பினார். அம்மாவின் அப்பாவையும் நிரப்பச் சொன்னேன். அவருக்குக் குடிப்பழக்கத்தால் நடை தள்ளாடுகிறது என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். ஆலோசகர் அங்கே கேள்விக்குறி போட்டார்.

நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைத்தான் எண்ணுகிறார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என அந்த மரபணு எல்லோரிடமும் இரண்டு இருப்பதால், எண்ணும் இரண்டு. 26 வரை இயல்பு. 40-ம் அதற்கு மேலும் என்றால், வேறு எதனாலும் முன்பே இறக்காவிட்டால், நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக நோய் வராது, ஆனால் பிள்ளைகளிடம் அந்த எண் நீளக்கூடும். எண் கூடக்கூட நோய் சீக்கிரம் தொடங்கும் என்பது பொதுவான போக்கு. அதை வைத்து எனக்கு வயது சொல்லிவிடலாமா என்று கேட்டேன். ஒரே எண் உள்ள இருவருக்குப் பல வருஷ இடைவெளியில் தொடங்குவதுண்டு, அதனால் அப்படிக் கணக்குப் போடாதீர்கள் என்றார். நான் கேட்க வந்ததே அந்த வயதைத்தான். அது அங்கே கிடைக்காது என்பது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவர் பார்த்தார். விரலைப் பின்தொடர்ந்து கண்ணை அசைக்க வேண்டும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்ட வேண்டும், கோடு போட்டதுபோல் நடக்க வேண்டும். அதற்கு முன்பே, ஏதாவது அறிகுறி தென்பட்டால் சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டார். இது நல்ல வழக்கம். போகிறவர்கள் இந்தப் பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுப்பதாக இருந்தால் அதன் விதிகளையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் ரிசல்ட் வந்த பிறகு அதைக் கேட்பார்கள்.

என்னை நிறுத்திவைத்தது வேறொரு கேள்வி. "நோய் இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார் ஆலோசகர். இருக்கிறது என்று வந்தால் செய்ய வேண்டியதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். இதற்கு ஒரு வரிகூட இல்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தம் கொடுத்தேன்.

ரிசல்ட்டைப் போனில் சொல்வதில்லை. ஐந்து வாரம் கழித்து நண்பனோடு போனேன். ஆலோசகர் உறையை மேஜையில் வைத்துக்கொண்டே, இப்போதும் தெரிந்துகொள்ள விருப்பமா, வேண்டாம் என்றால் இப்படியே எழுந்து போகலாம் என்றார். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன். அப்புறம் தலையசைத்தேன்.

17, 22. இரண்டும் இயல்பு.

நண்பன் அழுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. தட்டிக்கழித்த கல்யாணங்கள், வேண்டாம் என்று விட்ட வேலை, எல்லாமே வராத ஒரு நோய்க்காக. இருபது வருஷமாக என் சாவின் தேதி எனக்குத் தெரியும் என்று நம்பி வாழ்ந்திருக்கிறேன். இப்போது எல்லோரையும் போல எனக்கும் தெரியாது. அதற்குப் பழகவே மாதக்கணக்கானது. நல்ல செய்தி வந்தவர்களையும் ஏன் தொடர்ந்து கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

அக்காவிடம் சொல்லலாமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். சொல் என்றிருந்தாள். சொன்னேன். கட்டிக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "அப்போ எனக்குத்தானா?" என்றாள்.

அப்படி இல்லை அக்கா, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவது போல, எனக்கு வராததால் உனக்கு வாய்ப்பு கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றேன். தெரியும் என்றாள். தண்ணீர் டம்ளரை எடுத்தாள். என் கண் தானாக அவள் விரல்களுக்குப் போனது.

கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"பார்க்காதேடா" என்றாள்.

சரி என்றேன்.