ஃபார்ம் 3-ம் ஒரு இனிஷியலும்

தம்பிக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். எங்கள் ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கி அணியில் இடம்பிடித்ததிலிருந்து கோவில்பட்டியில் மட்டை பிடிக்கிற பையன்கள் எல்லோருக்கும் ஒரே கனவுதான். இவன் 2024 ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் இந்திய கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனதை மொபைலில் பார்த்துவிட்டு, அடுத்த ஏலத்துக்குப் பேர் கொடுக்கப் போகிறேன் என்று நின்றான். அடிப்படை விலையே 2 லட்சமாம். அப்பாவோ ரயில்வே வேலையைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை.

கோச் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஜூனியர் இந்தியா கேம்ப்புக்காவது கூப்பிட்டிருக்காங்களாடா?" பதில் இல்லை. சரி, ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் என்று முடிவானது. ஐந்து வருடம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதித் தர வேண்டும் என்றதும் முகம் சுண்டிப்போனது. சம்பளம் கொடுத்து ஆடத்தானே சொல்கிறார்கள் என்று சமாதானப்படுத்தினேன்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் பத்து நிமிடத்தில் போட்டாயிற்று. சர்டிபிகேட்டில்தான் உயிர் போனது.

அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியதற்கு ஃபார்ம் 3 என்கிற சான்றுப் படிவம் வேண்டும். கல்லூரி பி.டி. சார் கையெழுத்துப் போட்டு சீலும் குத்திக் கொடுத்தார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அந்தப் படிவத்தின் அடியிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது: கையெழுத்துப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநருடையதாக இருக்க வேண்டும். மாநில அணிக்கு ஆடியவர்களுக்கு ஃபார்ம் 2, அதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. தயவுசெய்து அடிவரி வரை படியுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முதல் தடவை போனபோது இயக்குநர் வெளியூரில். இரண்டாம் தடவை ஆள் இருந்தார், ஆனால் கிளார்க் படிவத்தைக் கையில்கூட வாங்கவில்லை. போட்டி சர்டிபிகேட்டில் இனிஷியல் 'டி', மார்க் ஷீட்டில் 'பி'. போனில் பேர் சொன்னபோது யாரோ தப்பாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "நடத்தின யுனிவர்சிட்டியில மாத்தி வாங்கிட்டு வாங்க" என்றார் அந்த கிளார்க். நடத்தியது வடக்கே ஒரு பல்கலைக்கழகம்! மெயில் அனுப்பினோம், போன் போட்டோம். இருபது நாள் கழித்து ஒரு திருத்தக் கடிதம் வந்தது. மெடலைக் கழுத்தில் போடும்போதே சர்டிபிகேட்டில் பேரையும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி ஏன் என்றால், நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டிலும் ஆடிய போட்டிகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் வாங்கிய சர்டிபிகேட் பூஜை அறையில் மாட்டத்தான் ஆகும்.

மூன்றாம் தடவை ஆபீஸ் பக்கமே போகவில்லை. காலை ஆறரைக்கு நேராக மைதானம். இயக்குநர் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார். கடிதத்தைப் படித்தார், பேனா கேட்டார். வைத்து எழுத இடமில்லை. பக்கத்தில் கோல்கீப்பர் பையன் கழற்றிப் போட்டிருந்த கால் பேடை எடுத்துக் கொடுத்தான். அதன் மேல் வைத்துக் கையெழுத்தானது. சீலுக்கு மட்டும் பத்தரை வரை அதே கிளார்க்குக்காகக் காத்திருந்தோம். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

மைதானத்தில் ஆடிக் காட்டும் ட்ரயல்ஸில் 40-க்கு 25 எடுத்தால்தான் அடுத்த கட்டம். சாதனைகளுக்கு 50, படிப்புக்கு 10 மார்க் அப்புறம்தான். தம்பி தேறிவிட்டான்.

இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டிய 500 ரூபாயில் 400, வங்கிக் கட்டணம் போக, நேற்று கணக்கில் திரும்ப ஏறியிருக்கிறது.