பை ஜீரோவுக்கு ஒரு கம்பைல் சர்வர்: ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் நாங்கள் பட்டதும் கற்றதும்

எம்பெடட் லினக்ஸில் (சின்ன போர்டுகளில் ஓடும் லினக்ஸில்) ப்ராஜெக்ட் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். தலைப்பு எதுவானாலும் சரி, கோடு எழுதுவதைவிட அதை போர்டில் ஓட வைப்பதற்குத்தான் அதிக நாள் போகும். நாங்கள் நான்கு பேர் 2022 டிசம்பரில் தொடங்கினோம். கம்பைல் செய்யும், அதாவது எழுதிய கோடை ஓடக்கூடிய ஃபைலாக மாற்றும், ஏற்பாடு ஒழுங்குக்கு வந்தபோது பிப்ரவரி பாதி முடிந்திருந்தது. வழி தெரிந்திருந்தால் ஒரு வாரத்து வேலை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட், தென்னந்தோப்புக் கிணற்றில் நீர்மட்டத்தையும் மோட்டார் ஓடும் நேரத்தையும் பதிவுசெய்து எம்க்யூடிடி என்ற மெசேஜ் அனுப்பும் முறை வழியாக அனுப்புவது. லேபில் சோதிக்க ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, தோப்பில் வைக்க ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ. இரண்டிலும் ஒரே 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அதாவது டெபியன் என்ற லினக்ஸின் 11ஆம் பதிப்பான 'புல்ஸ்ஐ' அடிப்படையிலானது. ஜீரோவில் இருப்பது ஒரே கோர், 512 எம்பி ரேம். சி++ கோடை அதிலேயே கம்பைல் செய்யக் கொடுத்துவிட்டு மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செமிகோலன் விட்டுப்போயிருந்தால் அன்றைய மாலை அவ்வளவுதான்.

எனவே கிராஸ் கம்பைல், அதாவது வேறொரு பெரிய மெஷினில் கம்பைல் செய்து, உருவாகும் ஃபைலை போர்டில் ஓட்டுவது. ஆனால் எங்களிடம் இருந்த நான்கு லேப்டாப்பும் நான்கு விதம். இரண்டில் விண்டோஸ், ஒன்றில் உபுண்டு 22.04, இன்னொன்றில் 4 ஜிபி ரேம் மட்டும். லேபில் யாரும் தொடாத 4 கோர், 8 ஜிபி டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. ஹெச்ஓடியிடம் லெட்டர் கொடுத்து அதை வாங்கி, உபுண்டு போட்டு, அதற்குள் டாக்கர் கன்டெய்னரில் (மெஷினுக்குள் தனியாகப் பிரித்து வைத்த ஒரு லினக்ஸ் சூழல்) கம்பைலரை வைத்தோம். எல்லோரும் எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினில் லாகின் செய்யும் வழி) நுழைந்து ஒரே இடத்தில் கம்பைல் செய்வது என்று முடிவு.

தொடங்கும் முன் எங்கள் கைடு மேடம் ஒயிட்போர்டில் மூன்று பெட்டி வரைந்தார். லேப்டாப், சர்வர், போர்டு. "ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து, இது எந்தப் பெட்டியில ஓடும், எந்தப் பெட்டிக்காக உருவாச்சுன்னு சொல்லுங்கப்பா" என்றார். அன்று எங்களுக்கு அது எல்கேஜி பாடம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிக்கிய ஒவ்வொரு இடத்திலும் விடை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. நீங்களும் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மூன்று பெட்டியை வரைந்துகொள்ளுங்கள்.

முதல் அடி ஹலோ வேர்ல்டிலேயே விழுந்தது. சர்வர் தயாராகும் முன், உபுண்டு லேப்டாப்பில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஆர்ம் (பையின் ப்ராசசர் வகை) கம்பைலரை வைத்து கம்பைல் செய்து பை 3க்கு அனுப்பி ஓட்டினோம். ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று ஒரே வரி வந்து நின்றது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் ப்ரோக்ராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 22.04இல் இருக்கும் ஜிலிப்சி 2.35. புல்ஸ்ஐயில் இருப்பது 2.31. 'நான் புதிதாக எந்த ஃபங்ஷனையும் கூப்பிடவில்லையே, வெறும் பிரின்ட்எஃப்தானே' என்று குழம்புவீர்கள். 2.34இல்தான் பிதிரெட் என்ற த்ரெட் லைப்ரரியை ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். மெயினைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் அந்தப் பதிப்பில் புது முத்திரை விழுந்தது. அதனால் மெயின் இருக்கிற ப்ரோக்ராம் எதுவானாலும் 2.34ஐக் கேட்கும். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.

கன்டெய்னர் எதற்கு என்று எனக்கு உண்மையில் புரிந்த இடம் இதுதான். சர்வரில் எந்த உபுண்டு வேண்டுமானாலும் இருக்கட்டும். கன்டெய்னருக்குள் போர்டில் இருக்கும் அதே டெபியன் 11ஐ வைத்து, அதன் ஆர்ம் கிராஸ் பேக்கேஜை நிறுவினால் ஜிலிப்சி இரண்டு பக்கமும் 2.31. செய்தோம். பை 3இல் ஹலோ வேர்ல்ட் வந்தது. கைதட்டினோம்.

அதே ஃபைலை ஜீரோவில் ஓட்டினோம். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.'

இந்தப் பிழைக்கு எங்களுக்குப் பத்து நாள் போனது. நீங்கள் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்க வேண்டாம். பை ஜீரோவில் இருப்பது ஆர்ம்1176 ப்ராசசர், ஆர்ம்வி6 வகை. டெபியன் 'ஆர்ம்ஹெச்எஃப்' என்று பெயரிட்டு வைத்திருப்பது ஆர்ம்வி7க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் கட்டப்பட்டது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸிலும் அதே 'ஆர்ம்ஹெச்எஃப்' என்ற பெயர்தான், ஆனால் அதன் பேக்கேஜ்கள் ஆர்ம்வி6க்காக மறுபடி கம்பைல் செய்யப்பட்டவை. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பை 3 இரண்டையும் ஏற்றுக்கொள்வதால் லேபில் எதுவும் தெரியாது. தோப்புக்குப் போன பிறகுதான் தெரியும்.

கம்பைலருக்கு ஆர்ம்வி6 ஃப்ளாக் கொடுத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். கொடுத்துப் பார்த்தோம், அதே பிழை. நாம் எழுதிய கோடு வி6ஆக மாறும், உண்மைதான். ஆனால் லிங்க் ஆகும்போது, அதாவது துண்டுகள் ஒரே ப்ரோக்ராமாகச் சேரும்போது, மெயினுக்கு முன்னால் ஓடும் தொடக்க ஆப்ஜெக்ட் ஃபைலும் லிப்ஜிசிசி என்ற கம்பைலரின் துணை லைப்ரரியும் டூல்செயினிலிருந்து (கம்பைலர், லிங்கர், அடிப்படை லைப்ரரிகள் சேர்ந்த தொகுப்பு) வந்து ஒட்டிக்கொள்ளும். அவை வி7க்குக் கட்டியவை. ஒரு ஃபைல் எந்த ப்ராசசருக்குக் கட்டப்பட்டது என்று காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையில் பெரிய எழுத்து 'ஏ' ஆப்ஷன் போட்டுப் பாருங்கள். 'டேக் சிபியு ஆர்க்' என்ற வரியில் வி7 என்று இருந்தால் ஜீரோவில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். வி6 என்று தொடங்க வேண்டும். இந்த ஒரு கட்டளையை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால் எங்கள் பத்து நாள் மிஞ்சியிருக்கும்.

வழி, டூல்செயினையே நாமே கட்டுவது. கிராஸ்டூல் என்ஜி என்ற கருவி அதற்கானது. மெனுவில் ஆர்ம்வி6, ஹார்டு ஃப்ளோட், ஜிலிப்சி 2.31 என்று தேர்ந்தெடுத்துவிட்டு விட்டால் ஜிசிசி கம்பைலரை அடியிலிருந்து கட்டித் தரும். ரூட் யூசராக (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) ஓட்டினால் மறுத்துவிடும். டாக்கர் கன்டெய்னரில் நாம் இயல்பாகவே ரூட்டாகத்தான் இருப்போம் என்பதால் டாக்கர்ஃபைலில் (கன்டெய்னரைக் கட்டும் வழிமுறைகளை எழுதும் ஃபைல்) சாதாரண யூசர் ஒருவரை உருவாக்கி, அவர் பெயரில் ஓட்டுங்கள். மெனுவில் தேர்ந்தவை ஒரு கான்ஃபிக் ஃபைலில் சேமிக்கப்படும். அதை கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) போட்டுவிடுங்கள். ஞாபகத்தை நம்பி இரண்டாம் முறை அதே மெனுவில் அதே தேர்வுகளைச் செய்ய முடியாது.

அடுத்தது சிஸ்ரூட், அதாவது போர்டின் லைப்ரரிகளையும் ஹெடர்களையும் சர்வரில் வைத்திருக்கும் நகல். மஸ்கிட்டோ (எம்க்யூடிடிக்கானது) போன்ற லைப்ரரிகளை போர்டில் நிறுவி, போர்டின் லிப், இன்க்ளூட் அடைவுகளை ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கருவியில் சர்வருக்கு இழுத்துக்கொண்டோம். இதில் இரண்டு கண்ணி. ஒன்று, சில லைப்ரரிகள் வெறும் சிம்பாலிக் லிங்க்தான் (வேறொரு ஃபைலைக் காட்டும் குறிப்பு), அதுவும் ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் காட்டுபவை. போர்டில் அது சரி. நகல் எடுத்த இடத்தில் அதே லிங்க் கன்டெய்னரின் சொந்த லிப் அடைவைக் காட்டும், மேடத்தின் பெட்டிக் கேள்விக்குத் தப்பான விடை. முழுப் பாதைகளை ஒப்புப் பாதைகளாக மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஆர்சிங் முடிந்ததும் ஓடும்படி வைத்தோம். இரண்டு, டெபியன் வகை ஓஎஸ்கள் லைப்ரரிகளை ஆர்க்கிடெக்சர் பெயருள்ள உள் அடைவில் வைக்கும். நாமே கட்டிய ஜிசிசி அங்கே எட்டிப் பார்க்காது. தொடக்க ஆப்ஜெக்ட் ஃபைலைக் காணவில்லை என்று லிங்கர் சொன்னால் ஃபைல் தொலைந்துவிட்டதாகப் பயப்படாதீர்கள். அந்த உள் அடைவை பெரிய எழுத்து 'பி' ஃப்ளாகில் காட்டுங்கள். ஹெடர் அடைவையும் அதேபோல் தனியாகக் காட்ட வேண்டும்.

சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் இதையெல்லாம் ஒரு டூல்செயின் ஃபைலில் எழுதி வைக்கலாம். ப்ரோக்ராம்களை சிஸ்ரூட்டில் தேடாதே, லைப்ரரியையும் ஹெடரையும் சிஸ்ரூட்டில் மட்டும் தேடு என்ற வரிகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கன்டெய்னரில் இருக்கும் எக்ஸ்86 (சர்வரின் ப்ராசசர் வகை) லைப்ரரியை எடுத்து ஒட்டப் பார்க்கும்.

இனி சர்வர். லேப் அசிஸ்டென்ட் அண்ணா ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "நாலு பேரையும் டாக்கர் க்ரூப்ல சேர்த்தா, நாலு பேருக்கும் ரூட் கொடுத்த மாதிரிதானே தம்பி?" ஆமாம், அப்படித்தான். டாக்கர் க்ரூப்பில் இருப்பவர் சர்வரின் முழு டிஸ்க்கையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதனால் சர்வரில் கட்டளை கொடுக்கும் ஷெல் உள்ள அக்கவுன்ட் எனக்கு மட்டும். மற்ற மூவரும் கன்டெய்னருக்குள் ஓடும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு 2222 போர்ட் வழியாக வந்தார்கள். கன்டெய்னருக்குள் எஸ்எஸ்ஹெச் ஓட்டுவது முறையல்ல என்று படித்திருப்பீர்கள். ப்ரொடக்‌ஷனில் அது சரி. பலர் பகிரும் லேப் மெஷினில், ஒருவர் தவறு செய்தால் கெடுவது கன்டெய்னர் மட்டுமே என்பது பெரிய நிம்மதி. பாஸ்வேர்டை மூடிவிட்டு, ஆளுக்கொரு கீ கொடுத்தோம்.

அந்த 2222ஐ லேபின் மற்ற மெஷின்களிலிருந்து யாரும் தொடக்கூடாது என்று யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவைத்திருந்தேன். பக்கத்து மெஷினிலிருந்து தொட்டால் திறந்தது. டாக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட் தனக்கென்று ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளை எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூ சொல்வது அதற்கு எட்டாது. போர்ட்டை சர்வரின் லோக்கல் முகவரியில் மட்டும் கட்டிவைத்து, சர்வரில் ஷெல் இல்லாத ஒரு யூசர் வழியாக எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு வரச்செய்தோம்.

டீமில் ஒருத்தியின் இரண்டு நாள் வேலை போனதையும் சொல்ல வேண்டும். அவள் கோடை கன்டெய்னரின் ஹோம் அடைவில் வைத்திருந்தாள். நான் புது இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) கட்டி, பழைய கன்டெய்னரை நீக்கினேன். அதோடு எல்லாம் போனது. தவறு முழுக்க என்னுடையது, வால்யூம் (கன்டெய்னர் நீங்கினாலும் அழியாத சேமிப்பிடம்) போடாமல் ஆட்களை உள்ளே விட்டது நான். கோடு, சிகேஷ் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) அடைவு, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ மூன்றும் வால்யூமில் இருக்க வேண்டும். ஹோஸ்ட் கீ எதற்கு என்றால், ஒவ்வொரு முறை கன்டெய்னர் புதிதாகும்போதும் கீ மாறி, எல்லோருடைய லேப்டாப்பும் 'ரிமோட் ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது' என்று மிரட்டும். நாளடைவில் அந்த எச்சரிக்கையைப் படிக்காமலே அழிக்கப் பழகிவிடுவீர்கள். அது நல்ல பழக்கமல்ல.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் மேக் கட்டளைக்கு 'ஜே8', அதாவது ஒரே நேரத்தில் எட்டு கம்பைல், கொடுத்தால் 8 ஜிபி ரேம் தாங்காது. கம்பைலர் 'கில்டு' என்று பாதியில் சாகும், கோடில் பிழை தேடி அலைவீர்கள். 'ஜே2' போதும், சிகேஷ் இருந்தால் இரண்டாம் பில்டிலிருந்து வேகம் தானாக வரும். கரன்ட் போய் வந்தால் கன்டெய்னர் தானே எழும்பும்படி ரீஸ்டார்ட் பாலிசி வையுங்கள்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் சார் கிணற்றைப் பற்றிக் கேட்டது இரண்டு கேள்வி. மீதி முழுக்க இந்த சர்வர்தான்.

"கன்டெய்னருக்குள்ள யூநேம் கட்டளைய 'ஏ' ஆப்ஷனோட போட்டா என்ன வரும்?"

"எக்ஸ்86 64, சர்வரோட கெர்னல் பதிப்பு வரும் சார்."

"அப்ப ஆர்ம் எங்கப்பா இருக்கு?"

கன்டெய்னரில் தனி கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கிடையாது, சர்வருடையதைத்தான் பகிர்ந்துகொள்கிறது, உள்ளே ஓடும் ஜிசிசியும் எக்ஸ்86 ப்ரோக்ராம்தான், அது எழுதித் தரும் ஃபைல் மட்டுமே ஆர்ம் என்று சொன்னோம். உடனே அடுத்தது வந்தது: "பில்ட், ஹோஸ்ட், டார்கெட் மூணையும் உங்க ப்ராஜெக்ட்லயே காட்டுங்க." இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பில்ட் என்றால் கம்பைல் நடக்கும் மெஷின், ஹோஸ்ட் என்றால் உருவாகும் ப்ரோக்ராம் ஓடும் மெஷின், டார்கெட் என்றால் அந்த ப்ரோக்ராம் எந்த மெஷினுக்காகக் கோடு உற்பத்தி செய்யுமோ அது. டூல்செயினைக் கட்டும்போது பில்டும் ஹோஸ்டும் எங்கள் சர்வர், டார்கெட் பை ஜீரோ. ஆனால் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியை நாங்களே கம்பைல் செய்தபோது கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் ஆர்ம் பெயரைக் கொடுத்தோம். அந்த ப்ரோக்ராம் ஓடப்போகும் இடம் போர்டு என்பதால் அங்கே ஹோஸ்ட் போர்டுதான். டார்கெட் என்ற சொல்லுக்கு, கோடை உற்பத்தி செய்யும் கம்பைலர் போன்றவற்றில்தான் பொருள் உண்டு. மேடத்தின் மூன்று பெட்டியை ஒயிட்போர்டில் வரைந்தே விளக்கினோம். சார் தலையாட்டிவிட்டு, ரீட்எல்ஃப் போட்டுக் காட்டச் சொன்னார். 'வி6' என்று வந்த வரியைத் தன் பேனாவால் திரையில் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் டாக்கர்ஃபைல், கிராஸ்டூல் கான்ஃபிக், சிமேக் ஃபைல் மூன்றையும் ரெக்கார்டின் அப்பென்டிக்ஸில் அச்சிட்டு, அடுத்த பேட்சிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ஜூலையில் ஜூனியர் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, நீங்க சொன்ன அதே எரர். ஜிலிப்சி 2.34. பை 3லயே வருது, ஒரு எழுத்துகூட மாத்தலண்ணா." அவர்கள் ஜீரோவை விட்டுவிட்டு பை 3க்கு மட்டும் டெபியனின் ரெடிமேட் கம்பைலரைப் பயன்படுத்தியிருந்தார்கள், அதில் தவறில்லை. டாக்கர்ஃபைலின் முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். டெபியன், அதற்குப் பக்கத்தில் 'லேட்டஸ்ட்' என்று இருந்தது. நாங்கள் எழுதிய நாளில் லேட்டஸ்ட் என்றால் 11. 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளியானது, அதில் ஜிலிப்சி 2.36. இமேஜைப் புதிதாகக் கட்டியபோது அந்த ஒரு சொல் அவர்களை 12க்குக் கொண்டுபோயிருந்தது. அதை அழித்துவிட்டு 'புல்ஸ்ஐ' என்று எழுதச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து, பை 3 திரையில் ஹலோ வேர்ல்ட் தெரியும் போட்டோவை அனுப்பினான்.